பஞ்சரைக் குறைக்கும் டயரும் டியூபும்: ரோடு பைக்குக்குத் தேர்ந்தெடுக்கும் முறை

பஞ்சரே ஆகாத டயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் அடிக்கடி வரும் பஞ்சரை எப்போதாவது வரும் பஞ்சராக மாற்றிவிடலாம். அதற்குப் பலரும் முதலில் செய்வது, கடைக்குப் போய் இருப்பதிலேயே தடிமனான டயரைக் கேட்பது. பஞ்சருக்குக் காரணம் காற்றுக் குறைவோ கிழிந்த ரிம் டேப்போ என்றால் அந்தச் செலவு வீண்.

பஞ்சர் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது: வெளியிலிருந்து குத்துவது, தரைக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டி நசுங்குவது, உள்ளேயிருந்து கிழிவது. முதலாவதை டயர் தடுக்கும். இரண்டாவதைக் காற்றழுத்தமும் டயரின் அகலமும் தடுக்கும். மூன்றாவதை, ரிம்மின் உள்ளே ஸ்போக்ஸ் துளைகளை மூடும் ரிம் டேப் தடுக்கும். காற்றைப் பிடித்து வைத்திருப்பதுதான் டியூபின் வேலை. அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் சைக்கிளுக்கு எந்த வழியில் பஞ்சர் வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எடுங்கள்.

## முதல் வேலை: பழைய பஞ்சரை ஆராய்வது

பஞ்சரான டியூபைத் தூக்கிப் போடாதீர்கள். எது தவறு என்று சொல்லும் சாட்சி அதுதான்.

1. டியூபை வெளியே எடுக்கும் முன், டயரில் வால்வு இருந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டியூபின் எந்தப் பக்கம் செயின் பக்கம் இருந்தது என்பதையும் குறியுங்கள்.
2. டியூபில் கொஞ்சம் காற்றடித்து வாளித் தண்ணீரில் பகுதி பகுதியாக அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள்.
3. ஓட்டை ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். முழுச் சுற்றும் பார்த்து முடியுங்கள்.
4. டியூபை டயரின் மேல் பழையபடி வைத்து, ஓட்டைக்கு நேரே டயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஓட்டை இருக்கும் இடமும் அதன் வடிவமும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

- வெளிவட்டத்தில் ஒற்றைப் புள்ளி: முள், கண்ணாடி, கம்பி. டயரைக் கவனிக்க வேண்டும்.
- அருகருகே இரண்டு சின்னக் கீறல்கள்: இதைப் 'பாம்புக்கடி' என்பார்கள். பள்ளத்திலோ வேகத்தடையின் விளிம்பிலோ இடித்தபோது, தரைக்கும் ரிம்மின் இரு ஓரங்களுக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. காற்று குறைவு, அல்லது உங்கள் எடைக்கு டயர் ஒல்லி.
- உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில்: ரிம் டேப் விலகியிருக்கிறது. ஸ்போக்ஸ் கம்பிக்கான துளையின் விளிம்பு டியூபை அறுத்திருக்கிறது.
- வால்வின் அடியில்: பம்பை ஆட்டி ஆட்டி அடித்ததாலோ, வால்வு நட்டை அளவுக்கு மீறி முறுக்கியதாலோ, ரிம் துளை வால்வைவிடப் பெரிதாக இருப்பதாலோ வருவது.
- குமிழியே இல்லை: வால்வைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். கழற்றக்கூடிய வால்வு கோர் தளர்ந்திருக்கலாம்.

குறிப்பு: ஒரே இடத்தில் இரண்டாம் முறை பஞ்சர் ஆனால் அது துரதிர்ஷ்டம் இல்லை. முதல் முறை குத்திய பொருள் பெரும்பாலும் இன்னும் டயரிலேயே இருக்கும்.

## டயரின் அளவைப் படிப்பது

டயரின் பக்கச்சுவரில் பல எண்கள் இருக்கும். நீங்கள் நம்ப வேண்டியது 28-622 என்பதுபோல் நடுவில் கோடு போட்ட எண்ணை மட்டும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். இன்றைய ரோடு பைக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு 622. இதையேதான் 700சி என்கிறார்கள்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. சில ஐரோப்பிய நிறுவனங்கள் இதே 622 டயரில் '28 இஞ்ச்' என்றும் அச்சிடுகின்றன. நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய பழைய கனத்த சைக்கிளின் டயரும் 28 × 1½ தான். ஆனால் அதன் விட்டம் 635. கடையில் "28 இஞ்ச் டயர் கொடுங்க" என்று கேட்டால் 635 கைக்கு வரலாம். அது உங்கள் ரிம்மில் நிற்காது. பழைய 27 இஞ்ச் ரோடு பைக்கும் 630 என்ற தனி ரகம். எனவே "622" என்று சொல்லிக் கேளுங்கள். பழைய டயரைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது.

## அகலம்: ஒல்லி டயர் மோகத்தை விடுங்கள்

ஒருகாலத்தில் ரோடு பைக் என்றாலே 23 மி.மீ. டயர்தான். இன்று பந்தய வீரர்களே 28-க்கு வந்துவிட்டார்கள். அகலமான டயரில் காற்றின் கொள்ளளவு அதிகம். குறைந்த அழுத்தத்திலும் ரிம் தரையைத் தொடாது. பாம்புக்கடிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

- 25 மி.மீ.: பிரேக்கிலும் ஃப்ரேமிலும் இதற்கு மேல் இடமில்லாத பழைய சைக்கிள்களுக்கு.
- 28 மி.மீ.: நம் சாலைகளில் பெரும்பாலானோருக்குப் பொருத்தம். நல்ல தார்ச்சாலைக்கும் ஏற்றது, ஊருக்குள் வரும் பள்ளங்களையும் தாங்கும்.
- 32 மி.மீ.: எடை கூடியவர்கள், சுமையோடு நெடுந்தூரம் போகிறவர்கள், கிராமச் சாலைகளில் அதிகம் ஓட்டுகிறவர்கள்.

வாங்கும் முன் இடத்தை அளந்துவிடுங்கள்:

1. சக்கரம் மாட்டியபடியே இருக்கட்டும். முன் ஃபோர்க்கின் இரு பக்கமும், பின்னால் செயின் ஸ்டே இரண்டுக்கும் நடுவிலும் இப்போதைய டயரைச் சுற்றி எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள்.
2. கேலிபர் பிரேக் என்றால் டயரின் தலைக்கும் பிரேக் பாலத்துக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். பெரும்பாலும் இடிப்பது இங்கேதான்.
3. புதிய டயர் மாட்டிய பிறகு எல்லாப் பக்கமும் குறைந்தது 4 மி.மீ. மிஞ்ச வேண்டும். அதற்குக் குறைந்தால், டயரில் ஒட்டும் ஒரு கூழாங்கல் ஃப்ரேமை அரித்துவிடும். சக்கரமே சிக்கிக்கொள்ளவும் கூடும்.
4. ரிம்மின் உள் அகலத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அகலமான ரிம்மில் அதே 28 மி.மீ. டயர் 30 வரை விரிந்து உட்காரலாம்.

எச்சரிக்கை: உங்கள் ரிம் 'ஹூக்லெஸ்' வகை என்றால், அதாவது ரிம்மின் உள் ஓரத்தில் டயரைப் பிடிக்கும் கொக்கி வளைவு இல்லையென்றால், அந்த வகைக்கு ஏற்றது என்று நிறுவனம் குறிப்பிட்ட டயரை மட்டுமே போடுங்கள். அதில் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்றடிக்கக் கூடாது. சாதாரண டயரை அதில் மாட்டினால் ஓடும்போதே கழன்றுகொள்ள வாய்ப்பு உண்டு.

## உங்கள் சாலையில் என்ன குத்துகிறது?

எல்லா ஊரிலும் ஒரே பொருள் குத்துவதில்லை. உங்கள் பாதையில் இருப்பதைப் பார்த்து டயரைத் தேர்ந்தெடுங்கள்.

சீமைக்கருவேல முள். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, சிவகங்கைப் பக்கம் ஓட்டுகிறவர்களின் முதல் எதிரி. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது சாலையில் உதிரும். நீளமும் உறுதியும் உள்ள முள் என்பதால் மெல்லிய பந்தய டயரைச் சுலபமாகத் துளைக்கும். குத்திய பிறகு வெளிப்பக்கம் ஒடிந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும்.

நெருஞ்சி. மண் ஓரங்களில் படர்வது. அதன் காய் எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் மேலே பார்த்தபடி இருக்கும். சிறிய முள்தான்; ஆனால் தேநீர் குடிக்கச் சாலையை விட்டு இறங்கி, சைக்கிளை மண்ணில் உருட்டிப் போகும்போது ஒரே நேரத்தில் நாலைந்து ஏறிவிடும். இதற்குப் பெரிய செலவு வேண்டாம். மண் ஓரத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும்.

லாரி டயர்க் கம்பி. நான்குவழிச் சாலைகளின் ஓரத்தில், வெடித்த லாரி டயர்களின் துண்டுகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உள்ளிருந்து சிதறும் எஃகு இழைகள் முடி கனமே இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நீள இழை ஒன்று டயருக்குள் ஏறி, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து டியூபைத் தொடும். காலையில் கிளம்பும்போது நன்றாக இருந்த சக்கரம் மாலையில் தளர்ந்து நிற்பதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

கண்ணாடிச் சில்லு. நகரத்தில், மதுக்கடை இருக்கும் சாலைகளில் அதிகம். மழைக்குப் பிறகு இன்னும் மோசம்: ஈர ரப்பர் சீக்கிரம் வெட்டுப்படும், சில்லும் டயரில் ஒட்டிக்கொண்டு வரும்.

## டயரில் என்ன பார்த்து வாங்குவது

பஞ்சரைத் தடுப்பது டயரின் தரை தொடும் பகுதிக்கு அடியில் ஓடும் பாதுகாப்புப் பட்டை. அது இரண்டு விதம்.

நெய்த பட்டை: உறுதியான இழைகளால் நெய்தது. மெல்லியதாக இருக்கும், எடை அதிகம் கூடாது. கான்டினென்டல் நிறுவனத்தின் கிராண்ட் பிரி 5000-இல் வெக்ட்ரான் என்ற இழைப்பட்டை இருக்கிறது. அதே நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் டயரில் பட்டையோடு பக்கச்சுவரையும் மூடும் வலை இருக்கிறது. கண்ணாடிக்கும் வெட்டுக்கும் இந்த வகை நன்றாக ஈடுகொடுக்கும். நீளமான முள்ளும் மெல்லிய கம்பியும் சில நேரம் இழைகளுக்கு நடுவில் புகுந்துவிடும்.

தடித்த ரப்பர் பட்டை: முள்ளின் நீளத்தைவிடத் தடிமன் கூடுதலாக வைத்துத் தப்பிப்பது. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரின் பட்டை 5 மி.மீ. தடிமன். கருவேல முள் நிறைந்த பாதைக்கு இது ஏற்றது. ஆனால் எடை ஒரு பந்தய டயரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சவாரியும் மந்தமாகத் தெரியும். மாட்டிக் கழற்றக் கட்டைவிரலில் நல்ல பலம் வேண்டும்.

இவற்றில் எதை எடுப்பது என்பதற்கு எளிய வழி:

1. வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற நல்ல தார்ச்சாலையில் மட்டும் வேகமாக ஓட்டுபவர்: நெய்த பட்டை உள்ள, நடுத்தர எடையுள்ள 28 மி.மீ. டயர்.
2. தினமும் வேலைக்கு ஊருக்குள் ஓட்டுபவர்: பட்டையோடு பக்கச்சுவர் பாதுகாப்பும் உள்ள டயர்.
3. 200, 300 கிலோமீட்டர் பிரவே சவாரி (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி) போகிறவர்: இவரும் பட்டையோடு பக்கச்சுவர் பாதுகாப்பும் உள்ள டயரையே எடுக்கலாம். இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் டியூப் மாற்றும் நேரத்தை, இலகு டயரால் கிடைக்கும் வேகம் ஈடுகட்டாது.
4. முள் காட்டுப் பாதை, தனிப் பயணம், உதவி கிடைக்காத இடம்: தடித்த ரப்பர் பட்டை.

பலரும் செய்யும் தவறுகள்:

- டிபிஐ எண் கூடினால் பஞ்சர் ஆகாது என்று நம்புவது. அது டயர்த் துணியின் நெய்தல் அடர்த்தி. எண் கூடினால் டயர் நெகிழ்வாக, சுகமாக ஓடும். பஞ்சர் தடுப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மூன்று அடுக்குகளைக் கூட்டி 330 என்று போடுகிறவர்களும் உண்டு, ஓர் அடுக்கை மட்டும் சொல்கிறவர்களும் உண்டு.
- ஆழமான பள்ளக்கோடு உள்ள டயரே பிடிக்கும் என்று நினைப்பது. தார்ச்சாலையில் வழவழ டயரே நன்றாகப் பிடிக்கும். பள்ளக்கோடுகளில் கல்லும் சில்லும்தான் சேரும்.
- டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பிளாஸ்டிக் பட்டை வைப்பது. ஒல்லி டயரில் அந்தப் பட்டையின் ஓரமே டியூபை உரசி ஓட்டை போட்டுவிடும்.
- பின்னால் பஞ்சர் அதிகம் என்று நல்ல டயரைப் பின்னால் மாட்டுவது. முன் டயர் வெடித்தால் ஆளே விழுவார். எப்போதும் புதிய டயர் முன்னால். முன்னால் இருந்தது பின்னால். பின்னால் தேய்ந்தது குப்பைக்கு.

## டியூப் தேர்வு

பியூட்டைல் ரப்பர் டியூப்: கடைகளில் கிடைக்கும் கறுப்பு டியூப். காற்றை வாரக்கணக்கில் தாங்கும், சாதாரண ஒட்டுப் பிடிக்கும், விலை குறைவு. பெரும்பாலானோருக்கு இது போதும். 'லைட்' என்று எழுதிய மெல்லிய ரகத்தைத் தவிர்த்து சாதாரணத் தடிமனையே வாங்குங்கள்.

லேட்டெக்ஸ் டியூப்: மிக நெகிழ்வானது, சின்னப் பொருள் தொட்டால் கிழியாமல் வளைந்துகொடுக்கும். ஆனால் காற்று வேகமாக இறங்கும். ஒவ்வொரு சவாரிக்கும் முன் அடிக்க வேண்டும். மாட்டும்போதும் மிகுந்த கவனம் வேண்டும்.

டிபியு டியூப்: மெல்லிய பிளாஸ்டிக் போன்றது, உள்ளங்கைக்குள் அடங்கும், எடை மிகக் குறைவு. உதிரியாக எடுத்துப் போக அருமை. இதற்கென்று உள்ள ஒட்டு மட்டுமே பிடிக்கும். வழக்கமான சொல்யூஷன் பயன்படாது. டயருக்கு வெளியே வைத்து அதிகக் காற்றடித்தால் ஊதிப்போய்ப் பழைய அளவுக்குத் திரும்பாது.

எச்சரிக்கை: ரிம் பிரேக் சைக்கிளில் மலையிறங்குகிறவர்கள் லேட்டெக்ஸையும், வெப்பத்துக்கு ஏற்றது என்று நிறுவனம் சொல்லாத டிபியுவையும் தவிர்ப்பது நல்லது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கை வைக்க முடியாதபடி சுடும். பியூட்டைல் டியூபோடு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள்.

டியூப் அளவு: பெட்டியில் 700 × 25–32 என்று இருந்தால் அந்த வரம்புக்குள் உங்கள் டயர் வர வேண்டும். சின்ன டியூப் பெரிய டயருக்குள் இழுபட்டு மெலிந்து, லேசான குத்துக்கே போய்விடும். பெரிய டியூப் சின்ன டயருக்குள் மடிந்து, மடிப்பிலேயே அறுபடும்.

டியூபுக்குள் சீலண்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்றலாமா? நெருஞ்சி அளவு ஓட்டையை அடைக்கும். வெட்டையும் பாம்புக்கடியையும் அடைக்காது. அழுத்தம் அதிகமுள்ள ஒல்லி டயரில் பலன் குறைவு. அடைக்காமல் போனால் அந்த ஈரத்தின் மேல் ஒட்டுப் போடுவதும் கடினம். முள் பாதையில் தினமும் ஓட்டுபவர், ரிம்மும் டயரும் அதற்கு ஏற்றவையாக இருந்தால், டியூப் இல்லாமல் டயருக்குள்ளேயே சீலண்ட் ஊற்றும் டியூப்லெஸ் முறைக்கே மாறுவது மேல்.

## வால்வும் ரிம் டேப்பும்

ரோடு பைக்கில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். அதற்கான ரிம் துளை 6.5 மி.மீ. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற ஷ்ரேடர் வால்வுக்கு 8.5 மி.மீ. துளை. பெரிய துளையில் ஒல்லி வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி அடியில் கிழியும். நடுவில் ஒரு வளையம் வைத்தால் சரியாகிவிடும். கடையில் கேட்டு வாங்குங்கள். வால்வின் நீளம், ரிம்முக்கு வெளியே குறைந்தது 15 மி.மீ. தெரியும்படி இருக்கட்டும். ரிம் ஆழமாக இருந்தால் 60 அல்லது 80 மி.மீ. வால்வு தேவைப்படும்.

ரிம் டேப்பை யாரும் கவனிப்பதில்லை. அது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இதைப் பாருங்கள்:

1. எல்லா ஸ்போக்ஸ் துளைகளையும் டேப் முழுதாக மூடியிருக்கிறதா?
2. விரலால் தள்ளினால் பக்கவாட்டில் நகர்கிறதா? நகர்ந்தால் அகலம் போதாது.
3. துளைகளின் மேல் டேப் குழிந்து கிண்ணம் போல் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் மாற்றுங்கள்.
4. ரப்பர் நாடா என்றால், இரட்டைச் சுவர் ரிம்முக்கு அது போதாது. ஒட்டும் துணி டேப்போ கெட்டியான பிளாஸ்டிக் டேப்போ போடுங்கள்.

இன்சுலேஷன் டேப்பை ஒட்டிச் சமாளிக்காதீர்கள். வெயிலில் பசை உருகி, சில நாளில் சுருண்டு விலகிவிடும்.

## டயரும் டியூபும் மாட்டும் முறை

புது டியூப் மாட்டிய அன்றே பஞ்சர் ஆனால் சந்தேகப்பட வேண்டியது சாலையை இல்லை, மாட்டிய விதத்தை.

1. டயரின் உள்பக்கத்தைப் பஞ்சாலோ பழைய நைலான் துணியாலோ துடையுங்கள். முள்நுனி இருந்தால் இழை மாட்டும். வெறும் விரலை ஓட்டாதீர்கள். கம்பி இழை விரலைக் கிழிக்கும்.
2. மாட்டிய இடத்தில் டயரை உள்வெளியாக மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒடிந்த கருவேல முள் கடுகு அளவு பழுப்புப் புள்ளியாகத் தெரியும். வெளிப்பக்கமிருந்து ஊசியால் தள்ளி, உள்பக்கமிருந்து இடுக்கியால் இழுங்கள்.
3. சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் சரிபார்த்து, டயரின் ஒரு பக்க ஓரத்தை முழுவதும் ரிம்முக்குள் ஏற்றுங்கள். டயரின் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேரே வரட்டும். நாளை பஞ்சரானால் ஓட்டையை டயரோடு ஒப்பிட இது உதவும்.
4. டியூப் உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றடியுங்கள். தட்டையான டியூப்தான் முறுக்கிக்கொள்ளும்.
5. வால்வைத் துளையில் நுழைத்து, டியூபை முழுச் சுற்றும் டயருக்குள் தள்ளுங்கள்.
6. டயரின் இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரு கையாலும் இரு பக்கமாக ஏற்றிக்கொண்டே வால்வில் முடியுங்கள்.
7. கடைசி ஒரு சாண் ஏறாமல் முரண்டு பிடிக்கும். லீவரை எடுக்காதீர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து டயரைப் பிசைந்து, அதன் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வாருங்கள்; கொஞ்சம் தளர்வு கிடைக்கும். பிறகு உள்ளங்கையால் உருட்டி ஏற்றுங்கள்.
8. வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி, திரும்ப வெளியே இழுங்கள். அடியில் சிக்கிய டியூப் விடுபடும்.
9. டயரை விரலால் ஒதுக்கி, இரு பக்கமும் முழுச் சுற்றும் பாருங்கள். எங்காவது டியூப் எட்டிப் பார்த்தால் அங்கேதான் வெடிக்கும்.
10. 30 பிஎஸ்ஐ அடித்து நிறுத்துங்கள். டயரின் ஓரத்தில் உள்ள மெல்லிய கோடு ரிம்மை ஒட்டிச் சீராக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு முழு அழுத்தத்துக்குப் போங்கள்.
11. வால்வு நட்டை விரலால் முறுக்கும் அளவு போதும். இடுக்கி வேண்டாம்.

எச்சரிக்கை: ஸ்க்ரூ டிரைவரால் டயரை நெம்பாதீர்கள், டியூபும் போகும், ரிம்மும் கீறும். முழுக் காற்றடிக்கும்போது முகத்தைச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

## காற்றழுத்தம்

தினமும் செலவே இல்லாமல் செய்யக்கூடிய பஞ்சர் தடுப்பு இதுதான். ஓட்டுபவரின் எடையை வைத்துத் தொடங்குங்கள். முதல் எண் முன் சக்கரம், இரண்டாவது பின் சக்கரம், எல்லாம் பிஎஸ்ஐ.

- 60 கிலோ: 25 மி.மீ. டயருக்கு 75, 80. 28-க்கு 62, 66. 32-க்கு 50, 54.
- 75 கிலோ: 25-க்கு 85, 90. 28-க்கு 70, 75. 32-க்கு 58, 62.
- 90 கிலோ: 25-க்கு 95, 100. 28-க்கு 80, 85. 32-க்கு 66, 70.

இவை தொடங்கும் இடம் மட்டுமே. பாம்புக்கடி வந்தால் 5 கூட்டுங்கள். கை அதிர்ந்தால் 5 குறையுங்கள். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட உச்ச வரம்பில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஹூக்லெஸ் ரிம்முக்கு மேலே சொன்ன 5 பார் வரம்பே முடிவு. மிகுந்த காற்றும் நல்லதல்ல: டயர் கல்லாகி, சில்லின் மேல் வளைந்துகொடுக்காமல் வெட்டு வாங்கும்.

அளவுகாட்டி உள்ள நின்றபடி அடிக்கும் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதில் 60-க்கும் 90-க்கும் வித்தியாசம் தெரியாது. பெட்ரோல் பங்கிலோ டயர்க்கடையிலோ கம்ப்ரஸரில் அடிக்க நேர்ந்தால், பிரெஸ்டா அடாப்டரைப் போட்டு, ஒரு நொடி விட்டு ஒரு நொடி அடியுங்கள். சைக்கிள் டயரின் கொள்ளளவு மிகக் குறைவு. கம்ப்ரஸர் அதைக் கண் இமைக்கும் நேரத்தில் நிரப்பி வெடிக்கவைத்துவிடும்.

## வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம்

1. சக்கரத்தை மெதுவாகச் சுற்றி டயரின் தலைப்பகுதியைப் பாருங்கள். பதிந்திருக்கும் சில்லையும் கம்பியையும் ஊசியால் எடுங்கள். இன்று எடுக்காதது இரண்டு சவாரிக்குள் டியூபைத் தொடும்.
2. பக்கச்சுவரில் வெடிப்பும் புடைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். புடைப்பு இருந்தால் அந்த டயரில் ஓட்டாதீர்கள்.
3. டயரின் தலை தட்டையாகிச் சதுரமாகிவிட்டதா, உள்துணி தெரிகிறதா? மாற்றும் நேரம் வந்துவிட்டது. சில டயர்களில் தேய்மானம் காட்டும் சின்னக் குழிகள் இருக்கும். அவை மறைந்தால் டயரின் ஆயுள் முடிந்தது.
4. உதிரி டியூபையும் எடுத்துப் பாருங்கள். சீட்டின் அடிப்பையில் லீவரோடும் சாவியோடும் உரசி, பயன்படுத்தும் முன்பே ஓட்டையாகியிருக்கும். பழைய காலுறையில் சுற்றி வையுங்கள்.

## அப்படியும் பஞ்சர் ஆனால்

பையில் இருக்க வேண்டியவை: டியூப் இரண்டு, பிளாஸ்டிக் லீவர் இரண்டு, ஒட்டுப் பெட்டி, கைப் பம்ப், சின்ன இடுக்கி, காலியான பற்பசைக் குழாயிலிருந்து வெட்டிய ஒரு துண்டு.

1. பதறிப் பிரேக் பிடிக்காதீர்கள். கைப்பிடியை நேராகப் பிடித்து, காற்று உள்ள சக்கரத்தின் பிரேக்கை மெதுவாக அழுத்தி நிறுத்துங்கள்.
2. வளைவிலும் பாலத்திலும் வேலையைத் தொடங்க வேண்டாம். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய், சாலையை விட்டு முழுதாக இறங்கி, வரும் வண்டிகளைப் பார்த்தபடி நில்லுங்கள். பின்விளக்கு மின்னிக்கொண்டே இருக்கட்டும்.
3. பின் சக்கரம் என்றால், கழற்றும் முன் செயினைப் பின்பக்கச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள்.
4. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது டியூபைப் போடாதீர்கள். அவசரத்தில் எல்லோரும் தாவுவது இந்தப் படியைத்தான்; இரண்டாவது டியூபும் போவது இதனால்தான்.
5. டயரே வெட்டுப்பட்டிருந்தால் பற்பசைக் குழாய்த் துண்டை உள்பக்கம் வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்து, மெதுவாக வீடு சேருங்கள். அதன் பிறகு அந்த டயர் வேண்டாம்.
6. ஒட்டுப் போடுவதானால் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, அதன் பளபளப்பு மங்கும்வரை காத்திருங்கள். ஈரத்திலேயே ஒட்டியதுதான் பிய்ந்துவருகிறது. சொல்யூஷன் தீப்பற்றக்கூடியது, பக்கத்தில் சிகரெட்டோ நெருப்போ கூடாது.
7. கார்பன் டை ஆக்சைடு குப்பியால் நிரப்பினால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குப்பி உறைந்து தோலைப் பிடிக்கும். அந்த வாயு டியூபிலிருந்து வேகமாகக் கசியும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டுச் சாதாரணக் காற்றை நிரப்புங்கள்.

## எதற்கு முதலில் செலவு செய்வது

பணம் அளவாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள். ஒவ்வொரு படிக்கும் பிறகு சில வாரம் ஓட்டிப் பார்த்து, பஞ்சர் குறையவில்லை என்றால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

1. அளவுகாட்டி உள்ள பம்ப்.
2. இரு சக்கரத்துக்கும் நல்ல ரிம் டேப்.
3. சரியான அளவில் சாதாரணத் தடிமன் பியூட்டைல் டியூப், உதிரியோடு சேர்த்து நான்கு.
4. ஃப்ரேம் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான, நெய்த பட்டை உள்ள டயர்.
5. அதற்குப் பிறகும் முள் தொல்லை தீரவில்லை என்றால் தடித்த ரப்பர் பட்டை டயர், அல்லது டியூப்லெஸ்.

பாம்புக்கடியும் உள்வட்ட ஓட்டையும் மட்டுமே வந்துகொண்டிருந்தவர்களுக்கு நான்காவது படிக்குப் போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.